சோடா கம்பெனி ஜனாதிபதி

அமெரிக்காவின் பதினேழாவது ஜனாதிபதியை, கேரம் போர்டு வாங்கியவனுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டோம். கொடுத்தவன் என் மச்சினன் முகம்மது ரிபாய். ஆனால் கடைப் பலகையில் இருந்தது கௌஸ் முகைதீன் என்கிற என் பெயர். அதனால் பழி எனக்கு.

கடை கராமாவில். துபாயை விட்டுப் போகிறவர்களின் சாமான்களை வாங்கி, துபாய்க்கு வருகிறவர்களுக்கு விற்பது தொழில். ஒரு கட்டிலை மட்டும் ஏழு பேருக்கு விற்றிருக்கிறேன். இதில் படுத்தால் முந்தின ஆறு பேர் கண்ட கனவும் வரும் என்று சொல்லி, ஏழாவது ஆளிடம் கூடுதல் விலை வாங்கினேன். ஒரு மாதம் கழித்து அவன் வந்து, ஐந்து பேர் கனவுதான் வருகிறது, மிச்சத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை போட்டான். நியாயமான சண்டை. கொடுத்துவிட்டேன்.

எந்தச் சாமானையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து விலை சொல்லிவிடுவேன். கௌஸ் பாய் ஏமாற மாட்டார் என்பதுதான் கராமாவில் எனக்கு இருந்த பெயர். ஏமாற்றவும் மாட்டார் என்று யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தொண்ணூற்று நாலு வாக்கில், ஜுமேராவில் இருந்த ஓர் அமெரிக்க இன்ஜினியர் கத்தாருக்கு, ராஸ் லஃபான் எரிவாயு வேலைக்கு மாற்றலாகிப் போனார். அவர் வீட்டுச் சாமான்களை மொத்தமாக ஒரு பிக்அப்பில் அள்ளிவந்தோம். அதில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் நீல வெல்வெட், வெல்வெட்டில் வரிசையாக வட்டக் குழிகள், குழிக்கு ஒரு பதக்கம், பதக்கத்துக்கு ஒரு தலை. தாடி வைத்த தலை, தாடி இல்லாத தலை, மீசை மட்டும் உள்ள தலை. ரிபாய் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான்.

"தங்கம் இல்ல மச்சான்."

ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. பெட்டி பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து, தேராவில் ஒரு ஹோட்டலில் பழைய நாணயக் கண்காட்சி நடந்தது. எதைக் கொண்டுபோனாலும் இலவசமாக மதிப்புப் போட்டுச் சொல்வார்கள் என்று பேப்பரில் விளம்பரம். இலவசம் என்றால் நான் என் மதிப்பையே போட்டுப் பார்க்கிற ஆள். ஒரு தாடித் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வழியில் தங்கக் கடைத்தெருவான சூக்கில் ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் தராசில் வைத்து, எடை பார்த்து, சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். டீ நன்றாக இருந்தது.

ஹோட்டலில் மதிப்புப் போட உட்கார்ந்திருந்தவர் ஹாட்கின்ஸ் என்கிற இங்கிலீஷ்காரர். என் வயதுதான் இருக்கும். நான் சட்டைப் பையிலிருந்து சில்லறையோடு சேர்த்துத் தாடித் தலையை எடுத்ததும், மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"முகத்தைத் தொடாதீர்கள். விளிம்பைப் பிடியுங்கள். விரல் பட்டால் விலை போகும்" என்றார்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு விளிம்பையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் முகத்தைப் பார்த்து ஏமாறுவார்களாம். விளிம்பில்தான் விஷயம் இருக்கிறதாம். வெள்ளியா பித்தளையா என்று விளிம்பில் முத்திரை இருக்கும். எத்தனையாவது பெட்டியைச் சேர்ந்தது என்று எண் இருக்கும். ஒரே எண்ணில் எல்லா ஜனாதிபதியும் இருந்தால் அது ஒரு குடும்பம். ஒருத்தர் குறைந்தாலும் வெறும் உலோகம். நான் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தும் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். நாம் ஒற்றைச் செருப்புக்கே விலை வாங்குகிறவர்கள்.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார். பெட்டியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாக விளிம்பைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். வெல்வெட்டில் ஒரு குழி காலி.

"பதினேழாவது ஜனாதிபதி எங்கே?"

"வெளியே போயிருக்கார்" என்றேன். வேறென்ன சொல்வது.

குழிக்குக் கீழே பெயர் இருந்தது. அமெரிக்காக்காரர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராத பெயர் என்றார் அவர். ஆனால் அந்த ஆள் இல்லாமல் பெட்டி வேண்டாமாம். அந்த ஆள் வந்தால் தருவதாக ஒரு விலை சொன்னார். அந்த விலையைக் கேட்டு ரிபாய், அதுவரை சாய்ந்திருந்த வாஷிங் மெஷினை விட்டு நிமிர்ந்து நின்றான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாட்கின்ஸுக்கு ஃபிளைட். அதற்குள் பதினேழாவது ஆள் வரவேண்டும்.

அவர் போன பிறகு ரிபாயைப் பார்த்தேன். அவன் சீலிங்கைப் பார்த்தான்.

"சொல்லு."

"மாயாண்டி ரூமுக்குக் கேரம் போர்டு வித்தோம்ல மச்சான். ஸ்ட்ரைக்கர் இல்லையேன்னு முறுக்கிக்கிட்டான். வட்டமா, கனமா, கையில கிடைச்சுச்சு. குடுத்துட்டேன்."

"அமெரிக்க ஜனாதிபதியையா?"

"பேரு எழுதியிருந்துச்சு, நாந்தான் படிக்கல. நீங்க மட்டும் படிச்சீங்களா? ரெண்டு வருசமா இஸ்திரிப் பெட்டிக்கு அடியில மத்த ஜனாதிபதிங்கள யாரு வச்சது? நானா?"

மச்சினனைக் கடையில் வைத்துக்கொள்வதில் உள்ள சிரமம் இதுதான். திட்டினால் அன்று மாலைக்குள் ஊரில் இருக்கும் என் மனைவி மதீனா பீவிக்குப் போன் போகும். தம்பியைத் திட்டியதற்கு அவள் என்னைத் திட்டுவாள், அதுவும் நான் காசு கட்டுகிற போனில்.

மாயாண்டியின் ரூம் அடுத்த தெருவில். ஏசி மெக்கானிக். முதுகுளத்தூர்ப் பக்கம். நாங்கள் போனபோது போர்டில் பவுடரைத் தூவி, தனியாக உட்கார்ந்து பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தான். ஸ்ட்ரைக்கர் கோட்டில் பளபளவென்று நின்றது. அருகில் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு வருஷம் போர்டில் தேய்ந்ததில் ஜனாதிபதிக்குத் தலைமுடி போயிருந்தது. கண் போயிருந்தது. வாய் சுத்தமாக இல்லை. கொஞ்சம் மூக்கும் ஒரு காதும் மிச்சம். பின்பக்கத்தில் ஏதோ பெரிய கட்டடம் இருந்திருக்கிறது. அதில் தூண்கள் மட்டும் வரிசையாக, கோடு கோடாகத் தெரிந்தன. விளிம்பு அடிபட்டு அடிபட்டு, எண் இருந்த இடத்தில் ஒரு கீறல். ஹாட்கின்ஸ் இதைத் தொட வேண்டாம் என்றார். மாயாண்டி நடுவிரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டினான். ஜனாதிபதி பறந்துபோய் ஒரு காயைக் குழியில் தள்ளிவிட்டு, மேலும் இரண்டு காய்களை விசாரித்துவிட்டுத் திரும்பிவந்தார்.

"பாத்தீங்களா பாய், இந்த மூக்கு கீழ இருந்தா எடப்பக்கம் வளையும். தூண் கீழ இருந்தா நேராப் போவும். இது ஸ்ட்ரைக்கரே இல்ல பாய். நாய்க்குட்டி. சொன்னதக் கேக்கும்."

"அத எனக்குத் திருப்பிக் குடுத்துரு மாயாண்டி. வேற நல்லதா வாங்கித் தாரேன்."

"வெள்ளிக்கெழம ஃபைனலு."

கராமா நண்பர்கள் மன்றம் வருஷாவருஷம் கேரம் போட்டி நடத்தும். அந்த வருஷம் முதல் பரிசு, ஊருக்குப் போய்வர விமான டிக்கெட். இதில் மாயாண்டிக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. அவனே ஒரு கேசட்டை எடுத்து டேப்ரிக்கார்டரில் போட்டான். அவன் மனைவி நாகவள்ளி பேசி அனுப்பியது. ரூமில் எல்லாருக்கும் அது மனப்பாடம். சமையல் செய்துகொண்டிருந்தவன்கூட உதட்டை அசைத்தான்.

"நாலு வருசமாச்சு. கம்பெனி லீவு குடுக்கல, டிக்கெட்டு குடுக்கலன்னு நீயும் ஒவ்வொரு கேசட்டுலயும் சொல்ற. உம் மக இந்தப் பொட்டியத்தான் அப்பான்னு கூப்புடுறா. தெனமும் அதுக்கு முன்னால சோத்த வச்சுட்டுத் திங்கச் சொல்லுறா. மாசிக் களரிக்குக் கொலசாமி கும்புட நீ வரல, இனிமே எங்கிட்ட இருந்து கேசட்டு வராது. பேட்டரி வெல என்னன்னு தெரியுமா உனக்கு?"

கேசட் ஓய்ந்தது. லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்தான் கம்பெனி தரமாட்டேன் என்கிறது என்றான் மாயாண்டி.

"நான் டிக்கெட் எடுத்துத் தாரேன்" என்றேன்.

மாயாண்டி மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தான். அதற்குள் வெங்காயமும் செருப்பும் இருந்தன. வாங்கிய இரண்டாவது மாதமே நின்றுபோன ஃப்ரிட்ஜ். விற்றது நான். ஏசி மெக்கானிக்குக்கே ஃப்ரிட்ஜ் விற்றவன் என்று அதுவரை எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

"ஆட்டம் முடியட்டும் பாய். டிக்கெட்டு கெடச்சா இது எனக்கு எதுக்கு? நீங்களே எடுத்துக்கங்க" என்றான்.

சரி என்று வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைனல், ராத்திரி ஹாட்கின்ஸ் துரைக்கு ஃபிளைட். நடுவில் போதுமான நேரம். மூக்கும் காதும் மட்டும் இருந்தாலும் பெட்டி நிறைந்தால் வாங்கிக்கொள்வாரா என்று போனில் கேட்டேன். தேய்ந்தாலும் அதே பெட்டியைச் சேர்ந்ததாக இருந்தால் போதும் என்றார். என்ன செய்து தேய்ந்தது என்று கேட்டார். வைத்திருக்கும் நண்பர் அடிக்கடி கையில் எடுப்பார் என்றேன். பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை ஹாட்கின்ஸையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். நண்பர் ஆட்டம் முடிந்து வந்து கொடுப்பார் என்று சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தேன். எதிராளி, முசஃபாவில் லேத் ஓட்டும் பாலமுரளி. கோயம்புத்தூர்க்காரன். தன் கையாலேயே கடைந்த பித்தளை ஸ்ட்ரைக்கரோடு அபுதாபியிலிருந்து வந்திருந்தான். அது சுழன்றால் ஃபேன் போட்ட மாதிரி காற்று வரும் என்று அவன் ரூம்காரர்கள் சொன்னார்கள். எனக்கு வந்தது. நான் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது பாலமுரளி கையைத் தூக்கினான்.

"ஏனுங் சார், ஒரு நிமிசமுங்க. அவுரு ஸ்ட்ரைக்கர்ல மூக்கு தெரியுதுங்க."

நடுவராக இருந்தவர் மன்றத்தின் செயலாளர் அனந்தகிருஷ்ணன். பேங்கில் அக்கவுண்டன்ட். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கும் எழுதும். முந்தின வருஷம் ஒருவன் ஏதோ நாட்டு நாணயத்தை வைத்து அடிக்க, வேடிக்கை பார்த்த அந்த நாட்டுக்காரர் ஒருவர், எங்கள் ராஜாவை எதற்காக இப்படி அடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அன்று முதல் ஒரு விதி. எந்த உலோகத்திலும் ஸ்ட்ரைக்கர் இருக்கலாம். எந்த நாட்டுத் தலைவரின் முகமும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் ஆள் அவுட். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு வம்பு வேண்டாம் என்பார் அனந்தகிருஷ்ணன். அதில் தப்பில்லை.

"எங்கே மூக்கு?"

"இதானுங்க. இது காது. மூக்கும் காதும் இருந்தா மொகந்தானுங்களே."

ஸ்ட்ரைக்கர் கைமாறிக் கைமாறி ஹாலைச் சுற்றியது. இது மூக்கில்லை, பள்ளம் என்றான் ஒருவன். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து பிரசிடென்ட் மாதிரியே இருக்கிறது என்றான் இன்னொருவன்.

"எந்த பிரசிடென்டா இருந்தாலும் ரூல் ரூல்தான்" என்றார் அனந்தகிருஷ்ணன். "இது எந்தத் தலைவர்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்கோ. இல்லேன்னா ஆட்டம் தொடரட்டும்."

அப்போதுதான் ஹாட்கின்ஸ் எழுந்தார். பார்த்துச் சொல்வது தன் தொழில் என்று இங்கிலீஷில் சொன்னார். அனந்தகிருஷ்ணன் அகமகிழ்ந்துபோனார்.

அவர் விளிம்பைப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"எண் அழிந்துவிட்டது. என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இது உங்கள் பெட்டியில் இருந்தது என்று நீங்கள் சொன்னால், இது அமெரிக்க ஜனாதிபதிதான். நான் இப்போதே பெட்டியை வாங்கிக்கொள்கிறேன். இல்லை என்றால், இல்லை."

அனந்தகிருஷ்ணன் அதைத் தமிழில் எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாயாண்டி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. போர்டில் சிதறியிருந்த பவுடரை உள்ளங்கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க வித்த சாமான்தான பாய். நீங்களே சொல்லிருங்க" என்றான்.

நான் இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மூளையில் ஓடியது வேறு. ஆமாம் என்றால் என்ன ஆகும்? விலையுயர்ந்த ஜனாதிபதியை ஸ்ட்ரைக்கர் என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தான் கௌஸ் பாய் என்று கராமா முழுக்கச் சிரிக்கும். முசஃபா வரைக்கும் சிரிக்கும். கட்டிலை வாங்கினவன்கூட வந்து சிரிப்பான். பக்கத்தில் ரிபாய் வாயைத் திறந்தான். அவன் காலை ஒரு மிதி மிதித்தேன்.

"இது தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "இது எங்க ஊர் சீனி ராவுத்தர் சோடா கம்பெனி டோக்கன். கம்பெனி திறந்தப்ப முதலாளி தன் முகத்தைப் போட்டு அடிச்சது. ஒரு டோக்கனுக்கு ஒரு சோடா. கல்யாண வீட்டுல மொய்யாகூட வைப்பாங்க."

"பின்பக்கம் தூண் மாதிரி இருக்கே?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"சோடா பாட்டில் சார். வரிசையா நிக்குது."

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தலையாட்டினார். பாட்டில்தான். பாலமுரளிக்குக்கூட பாட்டில் தெரிந்துவிட்டது. "ஆமாங்க, கோலி சோடாங்க" என்றான் பாவம்.

"சோடா முதலாளி நாட்டுத் தலைவர் இல்லை. ஆட்டம் தொடரலாம்."

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடைசியில் மாயாண்டிக்கு ரெட்டும் ஒரே ஒரு காயும் பாக்கி. பாலமுரளிக்கும் ஒரு காய்தான். மாயாண்டி ஸ்ட்ரைக்கரைத் திருப்பி மூக்கைக் கீழே வைத்தான். சுண்டினான். அது இடப்பக்கம் வளைந்து போய், ஓரத்தில் முட்டி, ரெட்டைக் குழியில் தள்ளியது. அங்கிருந்து திரும்பி, பாலமுரளியின் காயைச் சுற்றிக்கொண்டு, மாயாண்டியின் காயையும் அடுத்த குழியில் இறக்கிவிட்டு, மறுபடி கோட்டுக்கே வந்து நின்றது. நின்ற பிறகும் சற்று நேரம் அந்த மூக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்ததாக ரிபாய் இன்றும் சொல்கிறான். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

டிக்கெட் மாயாண்டிக்கு. நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நான் ஹாட்கின்ஸைத் தேடினேன். ஆள் முன்வரிசையில் இல்லை. கூட்டத்துக்கு நடுவே மாயாண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கையில் பர்ஸ் திறந்திருந்தது.

"சோடா டோக்கன்" என்றார் என்னைப் பார்த்ததும். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஐம்பது வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜனாதிபதிப் பெட்டி ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். இது உலகத்தில் ஒன்றுதான் இருக்கலாம்."

அவர் மாயாண்டிக்குக் கொடுத்த விலை, என் பெட்டி முழுவதற்கும் எனக்குச் சொன்ன விலை. மாயாண்டி என்னை ஒரு கேள்வியோடு பார்த்தான். எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தானே, அதனால். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் பாலமுரளி டீ குடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அனந்தகிருஷ்ணன், நான்கு பேனாவோடு. வாயை மூடிக்கொண்டேன்.

"வித்துரு. எனக்கெதுக்கு சோடா டோக்கன்" என்றேன்.

அதோடு விட்டாரா? சீனி ராவுத்தர் சோடா கம்பெனியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். வரலாறு இல்லாவிட்டால் டோக்கனுக்கு மதிப்பில்லையாம். ஹாலின் வாசலில் நின்று நான் சொல்லச் சொல்ல, அனந்தகிருஷ்ணன் இங்கிலீஷில் எழுதினார். முதலாளிக்கு இரண்டு மனைவி, ஒரு யானை, கப்பலில் வந்த சோடா மெஷின். யானைக்குச் சோடா கொடுத்ததால் வந்த வழக்கு. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி, அனந்தகிருஷ்ணன். டாக்ஸியில் ஏறும்போது ஹாட்கின்ஸ் கேட்டார்:

"பதினேழாவது ஜனாதிபதியை வைத்திருந்த உங்கள் நண்பர் வரவே இல்லையே?"

"ஊருக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறார்" என்றேன்.

ஜனாதிபதி அவருடைய கோட்டுப் பையில்தான் இருந்தார்.

மாயாண்டி களரிக்குப் போய்ச் சேர்ந்தான். கையோடு ஒரு டபுள் டெக் டேப்ரிக்கார்டரும், பெட்டி நிறைய பேட்டரியும் கொண்டுபோனான். மகள் முதல் நாள் அவனுக்குச் சோறு வைக்காமல் புதுப் பெட்டிக்குத்தான் வைத்தாள் என்று நாகவள்ளி சொல்லியனுப்பிய கேசட்டை அவன் பிற்பாடு எனக்குப் போட்டுக் காட்டினான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த ஃப்ரிட்ஜை என் கடை வாசலில் இறக்கிவைத்தான். எடுத்துக்கொண்டேன். செருப்பை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான்.

ஹாட்கின்ஸ் வருஷத்துக்கு ஒரு கார்டு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம். பதினேழாவது ஜனாதிபதி கிடைத்தாரா? கிடைத்தால் பெட்டியை வாங்கத் தயார். பிறகு, சீனி ராவுத்தர் டோக்கன் இன்னொன்று கிடைக்குமா? அதற்கு அவர் எழுதிய விலையைப் படித்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அவருடைய டோக்கனைப் பார்க்க ஸ்காட்லாந்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்களாம். யானை வழக்கில் தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்களாம்.

உண்மையை எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். ஒரு வயதான மனுஷனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வைத்துவிட்டேன். மூன்றாவது கார்டு வந்த அன்று ரிபாய் அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், பதினெட்டாவது ஆளு சும்மாதானே இருக்காரு?"

நான் அவனைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மதீனா பீவியின் தம்பி உருப்படியாக ஒரு யோசனை சொல்லியிருந்தான். பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு கேரம் போர்டைத் தேடி எடுத்தோம். பவுடர் வாங்கினோம். அன்றிலிருந்து தினமும் கடையைத் திறந்ததும் நானும் அவனும் உட்கார்ந்து, பதினெட்டாவது ஆளை ஸ்ட்ரைக்கராக வைத்து ஆடுகிறோம். இருவருக்கும் ஆட்டம் வராது. ஒரு காய் விழுவதற்குள் மத்தியானத் தொழுகை, லுஹர் வந்துவிடும்.

வருஷம் பல ஆகிவிட்டது. விரல்தான் தேய்கிறது. பதினெட்டாவது ஆளுக்குத் தாடி வேறு. அதில் இன்னும் ஒரு முடிகூட உதிரவில்லை.